கொம்பன் சுறாவும் டொல்பினும்: ஒரே கடலில் இரண்டு வேட்டைக்காரர்

உயிரியல் படிப்பிக்கிற எவரையும் இந்தக் கேள்வி விட்டுவைக்காது. முள்ளந்தண்டுளிகள் பாடம் தொடங்கி, கசியிழைய மீன்கள் ஒரு பக்கம், முலையூட்டிகள் இன்னொரு பக்கம் என்று பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் எழும்புவான். “ரீச்சர், டொல்பினும் கொம்பன் சுறாவும் அடிபட்டா ஆர் வெல்லும்?” வகுப்பு சிரிக்கும். எனக்கு அது நல்ல கேள்வியாகவே படுகிறது. இரண்டு விலங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறதே, விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது. மணி அடிக்க முதல் அவசரமாகச் சொல்லி முடிக்கிற பதிலை இங்கே ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி கடலில்லாத ஊர். செம்மண், வெங்காயம், சந்தை, கம்பஸ், இவைதான் எங்கள் ஊர். ஆனாலும் வடக்கே போனால் காங்கேசன்துறை, தெற்கே போனால் கடனீரேரி. சைக்கிளில் போகிற தூரத்துக்குள் இரண்டு விதமான தண்ணீர். விடியப் பிடித்த மீன் காலைச் சாப்பாட்டுக்கு முதல் சந்தைக்கு வந்துவிடும். கம்பஸில் கடற்றொழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். கடலைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு உரிமை இல்லையென்று ஒருவரும் சொல்ல முடியாது.

முதலில் அந்தப் பெடியனின் கேள்வி. டொல்பினும், சுத்தியல் மாதிரித் தலை கொண்ட கொம்பனும் அடிபடுவது மிக அரிது. டொல்பினுக்கு உண்மையான பயம் புலிச்சுறா போன்ற வேறு சுறாக்களிடம்தான். மேற்கு அவுஸ்திரேலியாவின் சார்க் பேயில் வளர்ந்த டொல்பின்களை ஆராய்ந்தபோது நான்கில் மூன்று பங்கின் உடம்பில் சுறாக் கடித்த தழும்பு இருந்தது. கடி வாங்கியும் உயிரோடு தப்பியவற்றின் கணக்கு அது. டொல்பின் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாக மாறுகிறது. ஓர்க்கா என்கிற கொலைத் திமிங்கிலம் உண்மையில் டொல்பின் குடும்பத்தின் பெரிய அண்ணன். தென்னாபிரிக்கக் கரையில் ஓர்க்காக்கள் பெரிய வெள்ளைச் சுறாவைக் கொன்று ஈரலை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுப் போவதை 2017 முதல் பதிவு செய்து வருகிறார்கள். 2023 இல் ஒரு தனி ஓர்க்கா இரண்டு நிமிடத்துக்குள் அந்த வேலையை முடித்தது. எங்கள் தீவைச் சுற்றியுள்ள கடலிலும் ஓர்க்கா அவ்வப்போது தலை காட்டும். “ஆர் வெல்லும்” என்பதற்கு அவ்வளவுதான் பதில். “ஆர் எப்பிடி வேட்டையாடும்” என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது.

டொல்பின் ஒலியால் பார்க்கிறது. மூக்குத் துவாரத்துக்குக் கீழே உள்ள மடிப்புகளால் ‘டிக் டிக்’ என்ற ஒலித் துடிப்புகளை உண்டாக்கும். நெற்றியில் உருண்டு நிற்கும் கொழுப்புத் திரள் அந்த ஒலியைக் குவித்து முன்னே அனுப்பும். பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு வாங்கிக் காதுக்குக் கொடுக்கும். எங்கள் காது 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும். டொல்பினின் துடிப்புகள் 100 ஐத் தாண்டிப் போகும். பழக்கப்பட்ட ஒரு டொல்பினிடம் பரீட்சித்தபோது 7.6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருக்கு உருண்டையை அது 110 மீற்றருக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்தது. ஒரு தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். கலங்கல் தண்ணீரோ நடுச்சாமமோ அதற்குத் தடையில்லை.

கொம்பனிடம் ஒலி இல்லை. அதன் ஆயுதம் முழுவதும் அந்தத் தலைதான். இரண்டு பக்கமும் பலகை மாதிரி நீண்டு, நுனியில் கண். எதற்கு இப்படி ஒரு தலை என்று நெடுங்காலமாக வாதாடியிருக்கிறார்கள். கண்கள் அவ்வளவு தள்ளி இருப்பதால் முன்னால் உள்ளதைச் சரியாகப் பார்க்க முடியாது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் தீர்த்து வைத்தது. உயிருள்ள சுறாக்களின் கண்களை ஒளியால் அளந்து பார்த்தபோது, தலை அகல அகல இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பரப்பும் கூடியது. கொம்பன் இனங்களுக்குள் தலை ஒடுங்கிய மண்வெட்டித் தலையனுக்கு 13 பாகை, எங்கள் பக்கம் பிடிபடுகிற சாதாரண கொம்பனுக்கு 32 பாகை, எல்லாவற்றையும்விடத் தலை அகன்ற சிறகுத் தலையனுக்கு 48 பாகை. இரண்டு கண் சேர்ந்து பார்த்தால்தான் இரை எவ்வளவு தூரத்தில் என்பது பிடிபடும். அந்தச் சிறகுத் தலையன் இந்து சமுத்திரக் கரையோரத்து மீன். அதன் தலையகலம் உடல் நீளத்தில் ஏறக்குறையப் பாதி.

கண்ணைவிட முக்கியமானது தலையின் அடிப்பக்கம். அங்கே மிளகுத்தூள் கொட்டிய மாதிரி நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் களி நிறைந்த ஒரு குழாயின் வாய். எந்த உயிரின் தசையும் நரம்பும் தண்ணீருக்குள் மெல்லிய மின்புலத்தை உண்டாக்கும். மணலுக்குள் அசையாமல் கிடக்கும் திருக்கையும்தான். அதை இந்தத் துளைகள் உணரும். ஹவாயில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மற்றச் சுறாக்களைவிடக் கொம்பனின் உணர்திறன் கூடியது இல்லையென்று தெரிந்தது. ஒரே தரம் நீந்திப் போகும்போது அது துழாவுகிற அகலம்தான் கூட. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் கருவியை இடமும் வலமும் அசைத்து அசைத்து முன்னேறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கொம்பனும் தலையை அப்படித்தான் ஆட்டி ஆட்டி அடிமணலைத் தேடிப் போகும்.

தேடிக் கண்டுபிடித்த பிறகு நடப்பது இன்னும் அதிசயம். கொம்பன் இனங்களில் பெரியதான பெருங்கொம்பன் தன் தலையாலேயே திருக்கையை மணலோடு அழுத்திப் பிடித்து, உடம்பைச் சுழற்றி, திருக்கையின் செட்டையைக் கடித்து அதை நீந்தமுடியாமல் செய்துவிடும். பிறகுதான் சாப்பாடு. திருக்கையின் வால்முள்ளுக்கு அது பெரிதாகப் பயப்படுவதில்லை. வாயிலும் தொண்டையிலும் முள்ளுகள் குத்தி நிற்கப் பிடிபட்ட பெருங்கொம்பன்கள் உண்டு. திருக்கை முள் ஏறிய கடற்றொழிலாளர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களுக்கு அது என்ன நோ என்று தெரியும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மின்புலத்தை உணர்வது சுறாக்களின் தனிச்சொத்து என்றுதான் நானும் படித்தேன், பிள்ளைகளுக்கும் படிப்பித்தேன். ஆனால் தென்னமெரிக்கக் கயானா டொல்பினுக்கு அந்த உணர்வு இருப்பதை 2011 இல் காட்டினார்கள். 2023 இல் சாதாரண போத்தல்மூக்கு டொல்பினிடமும் கண்டார்கள். பிறக்கும்போது மேல்தாடையில் இருந்த சில மீசை மயிர்கள் உதிர்ந்த பிறகு மிஞ்சும் குழிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. சுறாவின் உணர்வோடு ஒப்பிட்டால் மிக மங்கல். ஆனாலும் மணலுக்குள் மூக்கை நுழைத்துத் தேடும் கடைசிக் கணத்தில் உதவுமாம்.

இரண்டு விலங்குகளின் நாள் ஒழுங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்பிட்டிக் கடலில் காலையில் நூற்றுக்கணக்கில் துள்ளிச் சுழலும் சுழல்மூக்கு டொல்பின்களைப் படகில் போய்ப் பார்க்கிறோமே, அவற்றின் வேட்டை இரவில். பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறு மீனும் கணவாயும் இருட்டினதும் மேலே ஏறிவரும். டொல்பின்கள் போய்ச் சந்திக்கும். ஹவாய்க் கரையில் ஒலிக்கருவி இறக்கிப் பார்த்தபோது, 16 முதல் 28 டொல்பின்கள் சோடி சோடியாகப் பிரிந்து, ஒரு வட்டமாக இரையைச் சுற்றி நெருக்குவது தெரிந்தது. நெருக்கி முடியும்போது வட்டத்துக்குள் இரையின் அடர்த்தி சுற்றுப்புறத்தைவிட 200 மடங்கு வரை கூடியது. அதன் பிறகும் எல்லாம் ஒன்றாகப் பாய்வதில்லை. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சோடியாக உள்ளே போய்ச் சாப்பிட்டு வெளியே வரும். மற்றவை வட்டத்தைக் காத்து நிற்கும்.

கொம்பனும் பகலில் கூட்டமாகத்தான் இருக்கும். கடலடி மலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான கொம்பன்கள் ஒரே பக்கம் பார்த்து நீந்துகிற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் வேட்டை நடப்பதில்லை. பொழுது பட்டதும் கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே இருட்டுக்குள் கணவாய் தேடிப் போகும். விடியத் திரும்பி அதே மலைக்கு வரும். கலிபோர்னியா வளைகுடாவில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அவை கடலடியின் காந்தப்புலத் தடங்களை வழியாகப் பிடித்துப் போய் வருகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டும் பகலில் கூடி இளைப்பாறுகின்றன, இரண்டும் இரவில் வேட்டையாடுகின்றன. டொல்பின் கூட்டத்தைத் தன்னோடு வேட்டைக்குக் கொண்டுபோகிறது. கொம்பன் கூட்டத்தை விட்டுவிட்டுத் தனியே போகிறது.

காரணம் உடம்பிலும் இருக்கிறது. டொல்பின் வெப்பக் குருதி விலங்கு. எங்கள் உடம்பு மாதிரி ஏறக்குறைய 37 பாகையை எந்நேரமும் காக்கவேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். போத்தல்மூக்கு டொல்பின் ஒரு நாளில் தன் நிறையில் 4 முதல் 6 வீதம் வரை சாப்பிடும். 200 கிலோ உடம்பென்றால் 8 கிலோ மீனுக்குக் குறையாது, அதுவும் தினமும். சுறாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் குளிர் அதற்கு வேறு விதமாக வரும். ஹவாயில் கொம்பன்கள் இரவில் 800 மீற்றருக்கும் கீழே, தண்ணீர் வெறும் 5 பாகையாக இருக்கும் ஆழத்துக்குப் பாயும். செவுளில் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் ஓடினால் உடம்புச் சூடெல்லாம் நிமிடக் கணக்கில் போய்விடும். ஆனால் 2023 இல் கருவி பொருத்திப் பார்த்தபோது ஆழத்தில் இருந்தவரை உடம்புச் சூடு காக்கப்பட்டது, மேலே ஏறிவரும் கடைசிக் கட்டத்தில்தான் இறங்கியது. செவுளை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி போய் வருகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். மேலே வந்து மூச்சு எடுக்கிற டொல்பின் மூச்சடக்கிக் கீழே போவதில் ஆச்சரியமில்லை. தண்ணீரிலேயே மூச்சு விடுகிற ஒரு மீன் மூச்சை அடக்கிக்கொண்டு வேட்டைக்குப் போவது என்னை அசர வைக்கிறது.

டொல்பினின் புத்தியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரேசிலின் லகுனா என்ற ஊரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக டொல்பின்களும் வீச்சுவலைக்காரரும் சேர்ந்து மடவை பிடிக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக வலைக்காரர் நிற்பார்கள். டொல்பின்கள் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் கலைத்து வரும். ஒரு டொல்பின் முதுகை வளைத்துச் சடாரென்று அமிழும், அதுதான் அடையாளம். வலை விழும். சிதறும் மீனை டொல்பின் பிடிக்கும், வலைக்குள் பட்டது மனிதருக்கு. தாய்டொல்பினிடமிருந்து குட்டி பழகுகிறது, தகப்பனிடமிருந்து பெடியன் பழகுகிறான்.

இப்படியெல்லாம் படித்துவிட்டு டொல்பினைச் சிரித்த முகம் கொண்ட நல்ல பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சிரிப்பு தாடையின் அமைப்பு. ஸ்கொட்லாந்துக் கரையில் 1990 களில் செத்து ஒதுங்கிய கடற்பன்றிகளின் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. யார் செய்தார்கள் என்று தேடியபோது பல் தடங்கள் போத்தல்மூக்கு டொல்பினுடையவையாக இருந்தன. தின்பதற்காகக் கொல்லவில்லை. தங்கள் இனத்துக் குட்டிகளையே ஆண் டொல்பின்கள் கொன்ற சான்றுகளும் உண்டு. மறுபக்கம், உலகெங்கும் சுறாக் கடிகளைப் பதிவு செய்துவைக்கும் புளோரிடாப் பட்டியலில், தானாக வந்து கடித்து ஒரு மனிதரைக் கொம்பன் கொன்றதாக ஒரு பதிவுகூட இல்லை. பயமும் பாசமும் ஆரிடம் போகவேண்டுமோ அவரிடம் போகவில்லை.

சுறாப் பயம் எங்கள் கடலில் பழையது. மன்னார் முத்துச் சலாபத்தை நினைத்துப் பாருங்கள். சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் ஆயிரக்கணக்கில் சுழியோடிகள் கூடுவார்கள். ‘கடல்கட்டி’ வந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவே இந்த வழக்கத்தை எழுதியிருக்கிறார். மீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் இன்னும் விரிவாக எழுதுகிறார். கடல்கட்டித் தொழில் பரம்பரையாக வருவது; ஆனால் அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்தின் பலம் மதத்தைப் பொறுத்ததில்லை என்று சனம் நம்பியது. ரெனன்ற் போன நேரம் அந்தத் தலைவருக்குச் சுகமில்லை. பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. பெரியவரின் ஆளாகத் தான் நிற்பதே சுறாக்களுக்குப் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். சுழியோடிகள் இறங்கினார்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி ஆழத்துக்குப் போகிற மனிதருக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய துணை என்று யோசிக்கிறேன். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இலங்கைக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1925 இல் நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நூறு வருஷத்தில் ஆருக்கு ஆரால் ஆபத்து என்ற கணக்கு முற்றாக மாறிவிட்டது.

அதை ஒரு நாள் சந்தையில் கண்ணால் கண்டேன். என் தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம். பத்தியச் சாப்பாடு என்றால் எங்கள் வீடுகளில் பால்சுறா வறை இல்லாமல் முடியாது. சுறாவை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் சீரகமும் உள்ளியும் சேர்த்து வறுத்தெடுப்பது. பால் ஊறும் என்பது அம்மம்மா காலத்து நம்பிக்கை. மீன் விற்கும் அக்கா கடகத்தைச் சரித்துக் காட்டினார். முழங்கையளவு குட்டிகள், எல்லாம் கொம்பன்.

“வறைக்கு இதைவிட என்ன வேணும் ரீச்சர்? எலும்பே இல்லை, பஞ்சு மாதிரி.”

ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பினேன். வெள்ளை வயிற்றில், இரண்டு முன்செட்டைகளுக்கும் நடுவே ஒரு சிறு கீறல், ஓரம் இன்னும் மூடவில்லை. தொப்புள். கொம்பன் முட்டையிடுகிற மீனில்லை. தாயின் வயிற்றுக்குள் சூல்வித்தகம் உருவாகி, தொப்புள்கொடி வழியாகத்தான் குட்டி வளர்கிறது. பிறக்கிற நேரம் தாயைக் கிழித்துவிடாமல் இருக்க அந்த அகலத் தலை இரண்டு பக்கமும் மெத்தென்று பின்னுக்கு மடிந்திருக்கும், பிறகுதான் விறைக்கும். என் கையிலிருந்த குட்டியின் தலையோரம் இன்னும் இறப்பர் மாதிரி வளைந்தது. பிறந்து அதிக நாள் ஆகியிருக்காது.

“பெரிசு வாறேல்லையா அக்கா?”

“பெரிசு எங்க வருது இப்ப? இதுதான் வருது.”

நான் அன்றைக்குச் சுறா வாங்கவில்லை. ஏன் என்று அக்காவிடம் சொன்னேன், அவர் கோபிக்கவில்லை. விளைமீன் எடுத்துத் தந்தார்.

இந்தச் சாப்பாட்டைப் பற்றியும் இரண்டு சொல். சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துத்தான் கடலின் உப்பைச் சமாளிக்கிறது. செத்த பிறகு யூரியா அமோனியாவாக மாறும். பழுதான சுறாவின் அந்த மூக்கைத் துளைக்கும் மணம் அதுதான். மற்றது இரசம். உணவுச் சங்கிலியின் உச்சியில் நெடுங்காலம் வாழ்கிற மீனில் மெதைல் இரசம் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கவேண்டிய மீன்களில் சுறாவையும் வைத்திருக்கிறது. குட்டியில் இரசம் குறைவு என்பது உண்மை. ஆனால் குட்டியைத் தின்றால் கடலில் கொம்பன் மிஞ்சாது. பெரிசைத் தின்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை. இரண்டு வழியிலும் பால்சுறாவுக்கு நான் நியாயம் காணவில்லை.

குட்டிகள் ஏன் இத்தனை வருகின்றன? கொம்பன் குட்டி போடுவது கரையோர ஆழங்குறைந்த தண்ணீரில். பெரிய சுறாக்களிடமிருந்து குட்டிக்கு அங்கே பாதுகாப்பு. எங்கள் வலைகள் விழுவதும் அங்கேதான். பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப்படகுகள் அடித்தளத்தையே வாரிக்கொண்டு போகின்றன. இழுவைமடியை இலங்கை 2017 யூலையில் சட்டம் போட்டுத் தடுத்தது. கடலில் அது இன்னும் முழுதாக நிற்கவில்லை. தடைசெய்த தங்கூசி வலையும் போனபாடில்லை.

ஆழ்கடலுக்குப் போனால் வலையில் டொல்பினும் கொம்பனும் ஒன்றாகவே சந்திக்கின்றன. டொல்பின் மேலே வந்து காற்று எடுக்கவேண்டும். வலை பிடித்துவைத்தால் மூச்சு முட்டிச் சாகும். கொம்பன் முன்னே நீந்தித்தான் வாயால் தண்ணீரைச் செவுளுக்குச் செலுத்தவேண்டும். வலை பிடித்துவைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அகலத் தலை கண்ணியில் மாட்டுவதும் இலகு, சாவதும் மற்றச் சுறாக்களைவிட வேகம். இந்து சமுத்திரத்தில் சூரை பிடிக்கும் செவுள்வலைகளில் 1950 முதல் 2018 வரை 41 இலட்சம் சிறு திமிங்கிலங்களும் டொல்பின்களும் அகப்பட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அந்த மீன்பிடியில் இலங்கைக்கும் பெரிய பங்கு உண்டு. உலகம் முழுவதும் சமுத்திரச் சுறாக்களும் திருக்கைகளும் 1970 இலிருந்து 71 வீதம் குறைந்துவிட்டன என்று 2021 இல் இன்னொரு கணக்கு வந்தது.

வேட்டைக்காரருக்கு இயற்கை நிறையப் பிள்ளை கொடுப்பதில்லை. டொல்பின் ஒரு வருஷம் சுமந்து ஒரு குட்டி போடும். ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுக்கும். அடுத்ததற்குச் சில வருஷம் போகும். கொம்பன் ஒரு முறைக்குப் பன்னிரண்டு தொடக்கம் நாற்பது வரை போடும். பெருங்கொம்பன் 11 மாதம் சுமந்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடும். பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும் சூடையையும் கும்பளாவையும் பிடிக்கிற அதே கணக்கில் இவற்றைப் பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. குட்டி பெறுகிற விஷயத்தில் கொம்பன் மீன்களின் பக்கத்தில் நிற்கவில்லை, டொல்பினின் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான்.

ஆனால் சட்டமும் சனமும் அப்படிப் பார்க்கவில்லை. 2020 நவம்பரில், கொரோனாக் காலத்தின் நடுவில், பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவையும் டொல்பின் குடும்பம்தான். இராத்திரி முழுவதும் கடற்படையும் ஊர்ப் பெடியளும் கழுத்தளவு தண்ணீரில் நின்று தள்ளித் தள்ளிக் கடலுக்கு அனுப்பினார்கள், பெரும்பாலானவை தப்பின. இலங்கையில் கடல் முலையூட்டிகள் எல்லாமே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சுறாக்களில் நீள்வாலுள்ள திரெசர் 2012 இலும், பெட்டிச்சுறாவும் வெண்செட்டைச் சமுத்திரச் சுறாவும் 2015 இலும் காக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் கொம்பன் இல்லை. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் மாநாடு 2013 இல் பாங்கொக்கில் கூடி கொம்பனை இரண்டாம் இணைப்பில் சேர்த்து, செட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அது சந்தைக் கடகத்தைத் தொடாது. 2019 இல் அழிந்துவரும் இனங்களின் உலகச் சிவப்புப் பட்டியல் சாதாரண கொம்பனையும் பெருங்கொம்பனையும் அழிவின் விளிம்பிலுள்ள கடைசிப் படியில் வைத்தது.

பிடித்த கொம்பனைத் திருப்பிக் கடலில் விடுங்கள் என்று தொழிலாளரிடம் சொல்வதில் பெரிய பயனில்லை, பெரும்பாலும் வலை இழுக்க முதலே அது செத்திருக்கும். விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவரைக் குற்றஞ்சொல்லி எழுதவும் எனக்கு மனமில்லை. குட்டி போடும் மாதத்தில், குட்டி போடும் இடத்தில் வலை விழாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். அதற்கு எங்கள் கரையில் எந்த மாதம், எந்த இடம் என்று எழுதிய ஒரு பதிவேடு வேண்டும். என்னுடைய ஏ/எல் பிள்ளைகளோடு அதைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பருத்தித்துறை, மயிலிட்டி, குருநகர் இறங்குதுறைகளில் வீடுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கங்களில் அவர்களின் அப்பாமார் இருக்கிறார்கள். ஒரு தையல் அளவுநாடா, ஒரு கொப்பி. கொம்பன் குட்டி வந்தால் எழுதவேண்டியது ஐந்தே ஐந்து: திகதி, மூக்கிலிருந்து வால்நுனி வரை நீளம், எந்த வலை, எத்தனை பாகம் தண்ணீர், வயிற்றில் தொப்புள் மூடியிருக்கிறதா இல்லையா.